விநோத மியூசியங்களைத் தேடிப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டெல்லியில் கழிப்பறைக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. டோக்கியோவில் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு, குரோஷியாவின் ஜாக்ரெப்பில் முறிந்துபோன உறவுகளுக்கு, அஜர்பைஜானின் பாக்கூவில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் புத்தகங்களுக்கு, பாஸ்டனில் பார்க்கச் சகிக்காத ஓவியங்களுக்கு. இந்த இடங்களைத் தேடிப் போகிறவர்கள் பலர் வாசலோடு திரும்பி வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: பாரிஸின் லூவ்ர் மியூசியத்துக்குக் கிளம்புகிற மாதிரியே இதற்கும் கிளம்பிவிடுகிறார்கள்.

பெரிய மியூசியத்துக்குப் பின்னால் அரசாங்கமோ அறக்கட்டளையோ இருக்கும். விநோத மியூசியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். அவருக்கு ஒரு பொருள்மேல் பித்துப் பிடித்து, வீடு கொள்ளாமல் சேர்த்து, கடைசியில் கதவைத் திறந்துவிட்டிருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு மியூசியம் கிடையாது. வாடகை ஏறினால் முகவரி மாறும். கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகளில் பாதி இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

1. தேடும்போதே வகை பிரியுங்கள்

ஆரம்பிக்க அட்லஸ் ஆப்ஸ்க்யூரா தளம் நல்லது. 2009-லிருந்து இயங்குகிறது, ஊர் வாரியாகத் தேடலாம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் எல்லோரும் போகிற இடங்கள்தான் கிடைக்கும். அடுத்தபடியாக, தங்கப்போகும் ஊரின் வரைபடத்தைத் திறந்து அந்த நாட்டு மொழியிலேயே தேடுங்கள். ஜப்பானில் ஒரு தொழிலையோ ஒரே பொருளையோ பற்றிய சின்னக் காட்சிக்கூடங்கள் பல 'ஹகுபுட்சுகான்' (மியூசியம்) என்று இருக்காது. 'ஷிரியோகான்' (ஆவணக்கூடம்) என்று பதிவாகியிருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் இந்த இரண்டையும் ஜப்பானிய எழுத்தில் எடுத்து ஒட்டித் தேடினால் ஆங்கிலத்தில் சிக்காதவை வெளியே வரும்.

கிடைத்த பட்டியலில் மூன்று வகை கலந்திருக்கும். முதல் வகை தனியாள் சேகரிப்பு. இரண்டாவது, கம்பெனி நடத்துவது: ஒசாகா பக்கம் இகேடாவில் உள்ள கப் நூடுல்ஸ் மியூசியம் மாதிரி. கொஞ்சம் விளம்பர வாடை அடிக்கும், ஆனால் சொன்ன நேரத்துக்குத் திறக்கும்; குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே நிம்மதி. மூன்றாவது, மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவச் சங்கங்களும் வைத்திருக்கும் உடற்கூறு மியூசியங்கள். பிலடெல்பியாவின் மட்டர், பாங்காக்கின் சிரிராஜ் இந்த வகை.

இவை போக, காசு பறிப்பதற்கென்றே நடக்கும் இடங்களும் உண்டு. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் கிளை, உள்ளே பொருளைவிட செல்ஃபி மேடை அதிகம், எந்தப் பொருளும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பே இல்லை என்றால் தாண்டிப் போய்விடலாம். ஐரோப்பாவின் சுற்றுலா ஊர்களில் அடிக்கடி கண்ணில் படும் சித்திரவதை மியூசியங்களைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உள்ளே ஆணி வைத்த, ஆள் உயர 'இரும்புக் கன்னி'ப் பெட்டியின் படத்தைத் தேடி, அதன் குறிப்பட்டையைப் படியுங்கள். அந்தப் பெட்டி இடைக்காலத்தில் புழங்கியதற்கு ஆதாரம் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளம்பிய கட்டுக்கதை அது. இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கும் மியூசியம் நம்பகமானது. 'இடைக்காலக் கொடூரம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

2. இன்னும் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்

பயண இணையதளங்கள் பழைய பட்டியலை வருடக்கணக்கில் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். பெர்லினின் கரிவுர்ஸ்ட் (மசாலா சாஸ் ஊற்றிய சாசேஜ்) மியூசியம் 2009-இல் திறந்து 2018-இல் மூடியது. ஆம்ஸ்டர்டாமின் கைப்பை மியூசியம் 2020-இல் மூடியது. ஜாக்ரெப்பின் முறிந்த உறவுகள் மியூசியத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிளை இருந்தது. 2016-இல் தொடங்கி அடுத்த வருடமே போய்விட்டது. மூன்றையும் 'கட்டாயம் பாருங்கள்' என்று சொல்லும் கட்டுரைகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

மூடாமல் இடம் மாறுவது இன்னும் பெரிய சிக்கல். பாஸ்டன் வட்டாரத்தின் மோசமான கலை மியூசியம் 1994-இல் தொடங்கியது. டெடம் நகரத் திரையரங்கு ஒன்றின் நிலவறையில், ஆண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் நெடுநாள் இருந்தது. பிறகு சாமர்வில்லில் இன்னொரு திரையரங்கு. 2022-லிருந்து டார்செஸ்டர் பகுதியில் ஒரு பீர் வடிப்பாலைக்குள் இருக்கிறது. அதனால் வடிப்பாலை திறந்திருக்கும் நேரம்தான் மியூசியத்தின் நேரம். இப்படி வேறொரு இடத்துக்குள் குடியிருக்கும் மியூசியம் என்றால் இரண்டு தளங்களிலும் நேரத்தைப் பாருங்கள். முரண்பட்டால் கட்டடத்துக்காரர் சொல்வதே சரியாக இருக்கும்.

சரிபார்க்கும் வரிசை இது. முதலில் மியூசியத்தின் சொந்தத் தளம்: அதில் இந்த வருடத் தேதியோடு ஏதாவது அறிவிப்பு உண்டா? அடுத்து வரைபடத்தில் உள்ள விமர்சனங்களை 'புதியவை முதலில்' என்று மாற்றிப் படியுங்கள். கடைசி மூன்று மாதத்தில் உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பிறகு, கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கே வரி போதும்: வரும் தேதி, எத்தனை பேர், அன்று திறந்திருக்குமா, ஆங்கிலத்தில் குறிப்பு கிடைக்குமா. மேலே உள்ளூர் மொழி, கீழே ஆங்கிலம் என்று இரண்டிலும் எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். வந்த பதிலைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அழைப்பு மணியை அழுத்தித்தான் உள்ளே போக வேண்டியிருந்தால், அதைக் காட்டினால் கதவு திறக்கும்.

3. கிழமையும் டிக்கெட்டும்

ஐரோப்பாவில் திங்கள் விடுமுறை என்பது பொது வழக்கம் என்றாலும் அதை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம். டோக்கியோவின் மெகுரோ ஒட்டுண்ணி மியூசியத்துக்கு திங்களும் செவ்வாயும் விடுமுறை. லண்டனின் சர் ஜான் சோன் மியூசியத்துக்கும் அதே இரண்டு நாள். இகேடாவுக்குச் செவ்வாய். பாக்கூவின் குட்டிப் புத்தக மியூசியத்துக்குத் திங்களும் வியாழனும். ஜப்பானில் இன்னொரு சுழி உண்டு: வாராந்தர விடுமுறை அரசு விடுமுறையோடு சேர்ந்து வந்தால் பொதுவாக அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள். ஆண்டு இறுதியிலும் புத்தாண்டை ஒட்டியும் அங்கே பல இடங்கள் சேர்ந்தாற்போல் சில நாள் பூட்டியிருக்கும். ஆகவே விநோத மியூசியங்களைப் புதன் முதல் சனிக்குள் வையுங்கள். திங்கள், செவ்வாயைப் பூங்காவுக்கும் சந்தைக்கும் விடுங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் டோரிங்டன் என்ற சிற்றூரில், பதப்படுத்திய தரை அணில்களுக்கு உடை மாட்டி ஊர்க் காட்சிகளாக அமைத்த கோபர் ஹோல் மியூசியம் இருக்கிறது. தீயணைப்பு வீரர், பாதிரியார், அழகு நிலையக்காரி எல்லாமே அணில்தான். அது கோடையில் மட்டும் திறக்கும். கிறிஸ்துமஸுக்குப் போனால் பூட்டும் பனியும்தான்.

டிக்கெட் விஷயத்தில், ஜப்பானிய அனிமேஷன் படங்களுக்கான கிப்லி மியூசியம் ஒரு தனிக் கதை. டோக்கியோவை ஒட்டிய மிடாகாவில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாதத்து டிக்கெட்டுகளை இணையத்தில் விடுவார்கள். அந்த நேரம் உங்கள் ஊரில் எத்தனை மணி என்று முன்னாலேயே கணக்குப் போட்டு, இரண்டு மூன்று மாற்றுத் தேதிகளோடு உட்காருங்கள். வாசலில் டிக்கெட் விற்பனை இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எப்படியோ அப்படியே பதிவுசெய்யுங்கள். குறித்த நேரத்திலிருந்து ஒரு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

இஸ்தான்புல்லில் எழுத்தாளர் ஓரான் பாமுக் 2012-இல் திறந்த 'களங்கமின்மையின் மியூசியம்' இதற்கு நேர்மாறு. அதே பெயருள்ள அவருடைய நாவலின் பக்கம் ஒன்றில் நுழைவுச்சீட்டு அச்சாகியிருக்கும். புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனால் அந்தப் பக்கத்தில் முத்திரை குத்தி இலவசமாக உள்ளே விடுவார்கள். கொண்டுபோக வேண்டியது அச்சுப் புத்தகம். போனில் இருக்கும் மின்னூலில் முத்திரை குத்த முடியாது.

மியூசிய இரவுகள் பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய. பெர்லினில் 1997-இல் தொடங்கிய 'நீண்ட இரவு' வழக்கம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பல நகரங்களில் மே 18 சர்வதேச மியூசிய தினத்தை ஒட்டி நடக்கும். ஜாக்ரெப்பில் ஜனவரிக் கடைசி வெள்ளி. இரண்டு அறை உள்ள மியூசியத்துக்கு அன்றைக்குப் போவது வீண், நகரவே இடமிருக்காது. மற்ற நாளில் முன் அனுமதி இல்லாமல் திறக்காத இடங்களுக்கு மட்டும் அந்த இரவைப் பயன்படுத்துங்கள்.

4. பொருள் இயங்கும் நேரத்துக்குப் போங்கள்

விநோத மியூசியங்களில் பாதிக்கு மேல் ரசம் பொருளைப் பார்ப்பதில் இல்லை, அது வேலை செய்வதைப் பார்ப்பதில்தான். இதைத் தவறவிட்டவர்கள்தான் 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று எழுதுகிறார்கள்.

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் உள்ள ஸ்பேல்க்லோக் மியூசியத்தில் தானாக வாசிக்கும் கருவிகள் இருக்கின்றன: இசைப் பெட்டி, பாடும் கடிகாரம், தெருவையே அதிரவைக்கும் பிரம்மாண்ட உருளை ஆர்கன். தனியாகச் சுற்றினால் பெரும்பகுதி மரப்பெட்டிகளாகத்தான் தெரியும். வழிகாட்டியோடு போகும் சுற்றில் அவர் ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டுவார். போனவுடன் முதல் வேலையாக அடுத்த சுற்று எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்று கேட்டுவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் சோன் மியூசியத்தில் ஓவிய அறை என்று ஒரு சிறிய அறை. அதன் சுவர்கள் கதவுபோல் கீல் வைத்தவை. திறந்தால் உள்ளே இன்னொரு அடுக்கு ஓவியம், அதையும் திறந்தால் இன்னொன்று. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அந்தச் சின்ன இடத்தில் மடித்து வைத்திருக்கிறார் கட்டடக் கலைஞரான சோன். பணியாளர்தான் குறிப்பிட்ட நேரங்களில் திறந்து காட்டுவார். நேரத்தைக் கேட்காமல் போனவர்கள் வெளி அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோவின் மியூஸே மெக்கானிக்கில் நுழைவு இலவசம். உள்ளே முந்நூறுக்கும் மேற்பட்ட பழைய காசு போட்டு ஆடும் இயந்திரங்கள். கை நிறைய 25 சென்ட் நாணயம் இல்லாமல் அங்கே வேலையில்லை. மாற்றும் இயந்திரம் உள்ளேயே இருக்கிறது. வாசலருகே கண்ணாடிப் பெட்டிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் 'லாஃபிங் சால்' பொம்மைக்குக் காசு போடுமுன் கூட வரும் சின்னப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களே இரண்டடி பின்வாங்குவார்கள்.

இகேடாவில் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. உங்கள் கப் நூடுல்ஸை நீங்களே செய்வதற்கு மட்டும் ஒரு கப் 500 யென். முதலில் காலிக் கப்பில் பேனாவால் படம் வரைய வேண்டும். பிறகு கைப்பிடியைச் சுற்றினால், நூடுல்ஸ் கட்டியின் மேல் கப் தலைகீழாக வந்து இறங்கும்; கப்பை நிமிர்த்தினால் கட்டி நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். தொழிற்சாலையிலும் இதுதான் முறை, கட்டியைக் கப்புக்குள் போட்டால் சாய்ந்து உட்கார்ந்துவிடும் என்பதால். அடுத்து நான்கு சூப்பில் ஒன்று, பன்னிரண்டு சேர்மானத்தில் நான்கு. விடுமுறை நாளில் மதியத்துக்குள் வரிசை நீண்டுவிடும், திறக்கும்போதே போங்கள்.

5. வாசலில்: பணம், பை, கேமரா

தனியாள் மியூசியங்களில் கார்டு இயந்திரம் இல்லாமலிருக்கலாம். உள்ளூர்ப் பணத்தில் சின்ன நோட்டாக இருவருக்கான கட்டணமும், இலவச இடமென்றால் உண்டியலுக்குக் கொஞ்சமும் தனியாக எடுத்து வையுங்கள். ஐரோப்பாவில் பை வைக்கும் லாக்கருக்கு 1 யூரோ அல்லது 2 யூரோ நாணயம் கேட்கும், திரும்பக் கிடைக்கும். சூட்கேஸை எடுத்துக்கொண்டு நேராகப் போகாதீர்கள். இவற்றில் பல பழைய வீடுகள், மாடிப்படி குறுகல், முதுகுப்பை திரும்பினாலே ஏதாவது விழும். ரயில் நிலைய லாக்கரில் போட்டுவிட்டு வாருங்கள்.

படமெடுக்கத் தடை உள்ள இடங்கள் அதிகம். கிப்லியில் உள்ளே எடுக்க முடியாது. லண்டனின் டென்னிஸ் செவர்ஸ் இல்லத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், வாய் திறக்காமல் நடக்க வேண்டும். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் மேஜையும் படுக்கையும் கலைந்து கிடக்கும் வீட்டில் போன் வெளிச்சம் ஒன்று போதும், மொத்தமும் கெட்டுவிடும். அனுமதி இருக்கும் இடத்திலும் ஃபிளாஷை அணைத்து வைப்பது நல்லது.

6. உள்ளே எப்படிப் பார்ப்பது

சின்ன மியூசியத்துக்கு 45 நிமிடம் முதல் ஒன்றரை மணி வரை வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். விதிவிலக்கு, ஒரே கூரையின் கீழ் இருப்பவை. வியன்னாவில் மொல்லார்ட் மாளிகையில் பூகோள உருண்டை மியூசியமும், செயற்கையாக உருவாக்கிய மொழியான எஸ்பெராண்டோவுக்கான மியூசியமும் ஒன்றாக இருக்கின்றன.

ஜாக்ரெப்பில் பொருளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ஒன்றும் புரியாது. அங்கே காட்சிப்பொருள் உண்மையில் பக்கத்தில் உள்ள எழுத்து. பெயர் சொல்லாமல் யார் யாரோ அனுப்பியவை: ஒரு கோடரி, ஒரு பொம்மை, ஒரு ஜோடிச் செருப்பு. அந்தக் கோடரி பெர்லினிலிருந்து வந்தது. பிரிந்து போனவளின் தட்டுமுட்டுச் சாமான்களை நாளுக்கொன்றாக வெட்டிச் சிராய்களாக்க அது பயன்பட்டது என்பது குறிப்பைப் படித்தால்தான் தெரியும். 2011-இல் ஐரோப்பிய மியூசியங்களுக்கான கென்னத் ஹட்சன் விருது வாங்கிய மியூசியம் இது. நின்று படிக்க முடியாதவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

குறிப்பு வேற்று மொழியில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலி கைகொடுக்கும். அந்த மொழித் தொகுப்பை விடுதி வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். நிலவறையில் சிக்னல் கிடைக்காது. கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்துச் செயலி தடுமாறினால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். கையெழுத்துக் குறிப்புகளைச் செயலி நம்பும்படி படிக்காது, அதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதில் ஒரு லாபமும் உண்டு. சீட்டு கிழிக்கிறவரே பல இடங்களில் சேகரித்தவராக இருப்பார். 'உங்களுக்குப் பிடித்தது எது' என்று கேட்டால் மனப்பாடப் பதில் வரும். 'கடைசியாக வந்து சேர்ந்தது எது', 'கைவிட்டுப் போனது ஏதாவது உண்டா' என்று கேட்டுப் பாருங்கள், பூட்டிய அலமாரி திறக்கும் வாய்ப்பு இருக்கிறது.

மெகுரோவில் 8.8 மீட்டர் நாடாப்புழு ஒன்றைக் கண்ணாடிக்குள் மடித்து மாட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே அதே நீளத்துக்கு ஒரு வெள்ளை நாடா தொங்கும். அதைப் பிரித்துத் தரையில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் அளவு உறைக்கும். அனுமதி இலவசம். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது உங்கள் வயிற்றைப் பொறுத்தது.

7. பூமிக்கடியிலும் தண்ணீருக்கடியிலும்

மனித எலும்புகளை அடுக்கி வைத்திருக்கும் பாரிஸின் கேட்டகோம்ப் சுரங்கத்தில் 131 படி இறங்கி, சுமார் 1.5 கிலோமீட்டர் நடந்து, 112 படி ஏற வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 14 டிகிரி செல்சியஸ்தான், மெல்லிய சட்டை போதாது. தரை ஈரமாக இருக்கும். நுழையும் இடமும் வெளியே வரும் இடமும் வெவ்வேறு தெருக்கள், அதனால் யாரையாவது வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனால் தேடி அலைய நேரும். புதுப்பிப்பு வேலைக்காக மாதக்கணக்கில் மூடியதும் உண்டு, தளத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே ஊரின் சாக்கடை மியூசியம் பலத்த மழையிலும் செய்ன் நதி ஏறும்போதும் மூடிவிடும். அது நிஜமாகவே ஓடுகிற சாக்கடை.

மெக்சிகோவில் கான்கூன் கடலடி மியூசியத்தில் சுமார் ஐந்நூறு சிலைகள். மன்சோனஸ் பகுதி ஏறத்தாழ 8 மீட்டர் ஆழம், ஸ்கூபா (காற்று உருளையோடு மூழ்குவது) செய்பவர்களுக்கு நல்லது. நிசூக் பகுதி 4 மீட்டர், அங்கே ஸ்நார்க்கெல் (குழாயால் மூச்சுவிட்டு மேலே மிதப்பது) மட்டும். டிக்கெட் வாங்கும்போது எந்தப் பகுதி என்று கேளுங்கள். ஸ்கூபா என்றால் விமான நாளோடு சேர்க்காதீர்கள். ஒருமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர்கள் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழாக மாறும்.

8. மனித உடல்கள் இருக்கும் இடங்கள்

இந்த மியூசியங்கள் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. லண்டன் ஹன்டேரியன் மியூசியத்தில் இருநூறு வருடத்துக்கும் மேல் நின்ற, அசாதாரண உயரம் கொண்ட சார்ல்ஸ் பைர்னின் எலும்புக்கூட்டை 2023-இல் மறுபடி திறந்தபோது காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தன் உடலைக் கடலில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு செத்துப்போன மனிதர் அவர். சிரிராஜில் நரமாமிசம் தின்றவன் என்ற பட்டையோடு வைத்திருந்த சீ ஊயின் உடலை 2020-இல் எரியூட்டினார்கள். இவற்றைப் பார்க்கவென்றே போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருச்சிசு மாதிரிகள் இருக்கும் அறைகளும் இங்கே உண்டு. கர்ப்பிணிகளும் பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களும் எந்த அறையில் என்ன என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

9. கடையில் வாங்குமுன்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மிடில்டனில் கடுகு மியூசியம் இருக்கிறது, அனுமதி இலவசம், ருசி பார்த்து வாங்கலாம். கடுகுச் சாந்து விமான நிலையக் கணக்கில் திரவம். பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. இகேடாவில் செய்த கப்பைக் காற்றடைத்த பையில் போட்டுத் தருவார்கள், அது பெட்டிக்குள் அடங்காமல் கையில்தான் தொங்கும். அதைவிட முக்கியம், சேர்மானத்தில் இறைச்சி இருந்தால் பல நாடுகள் சுங்கத்தில் பறித்துவிடும். அடுத்து போகும் நாடு கண்டிப்பானது என்றால் விடுதியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பதப்படுத்திய பூச்சி, சிப்பி, பவளம், எலும்பு எதை வாங்கினாலும் உயிரினத்தின் பெயர் எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் அந்தப் பொருளை வாங்க வேண்டாம்.